இடுக்கி இலவசம்

எனக்குக் கோபம் வந்தால் காது மடல் சூடாகும். அன்றைக்குத் தி. நகர் அலுவலகத்தில் கஸ்தூரிரங்கன் சார் என்னைக் கூப்பிட்டு வாயைத் திறந்ததுமே சூடாகிவிட்டது.

"மயிலாப்பூர்ல ஒரு லேடி நம்ம ஓவன்ல சுட்டுண்டுட்டாளாம் மதுமதி. எல்லாம் அஜாக்கிரதை. நீ பொம்மனாட்டி, நயமாப் பேசினா எடுபடும். தரையில வச்சு யூஸ் பண்ணினேன், என் தப்புதான்னு அவ கையால ஒரு வரி எழுதி வாங்கிண்டு வந்துடு."

"எப்படி சார் சுட்டுக்கிட்டாங்க?"

"எப்படிச் சுட்டுண்டா என்ன? ஓவன்னா சுடத்தானே செய்யும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வைபோகம் ஹோம் அப்ளையன்ஸஸ் அவருடைய கம்பெனி. மிக்ஸி, கிரைண்டர் என்று ஓடிக்கொண்டிருந்ததில் திடீரென்று ஓவன் ஆசை வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிரித்துப் போட்டார், அதே மாதிரி செய்யச் சொன்னார். டிசைன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்தவளுக்கு அவர் கொடுத்த வேலை, பொத்தானும் வண்ணமும். "பொண்ணுகளுக்குத்தான் கலர் சென்ஸ் உண்டு" என்றார். அதைப் பாராட்டு என்று வேறு நினைத்துக்கொண்டார்.

சிங்கப்பூர் ஓவனோடு ட்ரேயை இழுக்க ஒரு கொக்கியும், கைக்குத் தடித்த உறையும் வந்திருந்தன. இரண்டையும் அவர் தூக்கி எறிந்தார். "நம்ம லேடீஸுக்கு இந்தக் கொக்கி, க்ளவுஸெல்லாம் சரிப்படாது. அவாளுக்கு இடுக்கிதான். பொறந்ததுலேர்ந்து இடுக்கியாலதான் எடுக்கறா" என்று சொல்லி, ஒவ்வொரு பெட்டியிலும் கம்பெனி பெயர் பொறித்த இடுக்கி ஒன்றைப் போட வைத்தார். பாண்டி பஜார் முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்கள். 'வைபோகம் ஓவன். இடுக்கி இலவசம்!' தன் மூளையை அவரே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய சமயம் அது. அறிவிப்பு வந்த அன்றைக்கே ஏணியோடு ஆள் வந்து வாசல் போர்டில் மெட்ராஸை அழித்துச் சென்னை என்று எழுதிவிட்டுப் போனான். நம் முதலாளிக்கு எதையும் மாற்றப் பிடிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

பன்னிரண்டு பி பஸ் பிடித்து லஸ்ஸில் இறங்கி, மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் விலாசம் தேடினேன். வழி கேட்ட பூக்காரம்மா, "கேக் மாமியா? அதோ அந்த மாடி. ஐய, பாவம் அவங்க, காலு வெந்துகினு படுத்துகிறாங்க" என்றாள். சுற்றி நாலு தெருவுக்கு முட்டையில்லாத பிறந்தநாள் கேக் என்றால் கோமளம் மாமிதான் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்த கோமளம் மாமிக்கு நாற்பது வயது இருக்கும். காலை அகட்டி அகட்டி நடந்தாள். புடவை தொடையில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கம்பெனிலேர்ந்தா? வாம்மா, உக்காரு. என்னால உக்கார முடியாது, நின்னுண்டே பேசறேன்."

சமையலறைக்குள் போனேன். அங்கே கேஸ் அடுப்பு இருந்த மேடையில் ஒரு பக்கம் தாராளமாகக் காலி இடம் கிடந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். எங்கள் ஓவனோ கீழே, வாசற்படியை ஒட்டி, சாப்பிட உட்காரும் ஒரு மரப்பலகை மேல் உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவு இடம் இருக்கே மாமி, ஏன் கீழ வச்சிருக்கீங்க?"

மாமி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவர் ஒத்துக்க மாட்டார். சாதம் வடிக்கற மேடைல இது வரப்படாதாம். ஃபாக்டரில டெஸ்ட் பண்றச்சே முட்டை கேக் வச்சுப் பாத்திருப்பான்ங்கறார். நான் ஒரு நாளும் இதுல முட்டை வச்சதில்லே. சொன்னாக் கேட்டாத்தானே."

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. எங்கள் ஆலையில் அந்த ஓவனுக்குள் முட்டையும் போனதில்லை, மாவும் போனதில்லை. செங்கல்தான் போனது. ட்ரேயைத் தாங்குகிற கம்பித் தட்டின் நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, கதவைச் சாத்தி, சூடேற்றி, தட்டு வளையவில்லை என்று பார்த்து டிக் போட்டார்கள். தட்டை வெளியே இழுத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செங்கல் வெந்துவிட்டதா என்று யார் இழுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

"அன்னிக்கு என்ன ஆச்சு, அப்படியே சொல்லுங்க மாமி."

"கேக் முக்கால் வேக்காடு. ஊசி குத்திப் பாக்கணும். சப்பணம் போட்டு உக்காந்துண்டு, இடுக்கியால ட்ரேயோட விளிம்பைப் பிடிச்சு இழுத்தேன். ட்ரே வந்தது. அடியில இருக்கற கம்பித் தட்டும் கூடவே வந்தது. வந்துண்டே இருந்தது. சட்டுனு மூக்கு குத்திண்டு அப்படியே மடியில கவுந்துடுத்து." மாமி நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டாள். "அரைகுறையா வெந்த மாவும்மா. தட்டிவிட்டாலும் போகலே. புடவையோட ஒட்டிண்டு எரிஞ்சுது."

"ஐயோ!"

"என் தப்புதான். கொஞ்சம் மெதுவா இழுத்திருக்கணும்."

யாரும் கேட்காமலே, பேப்பரைக்கூட நான் வெளியே எடுக்காமலே, எங்கள் முதலாளி கேட்ட அந்த ஒரு வரியை அவளே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கணவர் சங்கரன் வந்தார். பேங்க் ஆபீசர். நான் யார் என்று தெரிந்ததும், "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. உங்க பேர்ல தப்பே இல்லே. இவளுக்கு எல்லாத்துலயும் பரபரப்பு. இந்தப் பொட்டியை எடைக்குப் போட்டுடறேன்னுட்டேன். கேக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்றார்.

"கேக் நீங்க சாப்பிடுவீங்களா சார்?"

"சாப்பிடாம? நன்னாப் பண்ணுவாளே!"

மேடையில் ஏறக் கூடாத கேக் வயிற்றுக்குள் போகலாம் போலிருக்கிறது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அவர் உள்ளே போனதும் மாமி என் பக்கம் குனிந்தாள். "பணம், ஈடு அதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. இந்த ஓவன் ஆத்தை விட்டுப் போகாம இருந்தாப் போதும். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நான் அஜாக்கிரதை இல்லேன்னு யாராவது ஒருத்தர் அவர்கிட்டச் சொன்னா, விட்டுடுவார். ஆனா யார் சொல்லுவா? நானே என்னைச் சொல்லிக்கறேனே."

நான் ஒரு வரியும் எழுதி வாங்கவில்லை. அந்தக் கம்பித் தட்டையும் இடுக்கியையும் மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். இடுக்கியின் கைப்பிடியில் 'வைபோகம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஒரு மாசம் பொறுங்க மாமி. அவர் எடைக்குப் போடாம பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், மாதிரிகள் செய்கிற ஃபிட்டர் ஜவஹரிடம் தட்டைக் கொடுத்தேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். நான் கோபமாக வந்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

"இன்னா மேடம், மூஞ்சி செவந்துகீது? யாரு மாட்னாங்க இன்னிக்கி?"

"ஓவனைத் தூக்கித் தரையில வைங்க. ட்ரேயில மணல் ரொப்புங்க."

நான் சுடிதாரை இழுத்து விட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். இடுக்கியால் ட்ரே விளிம்பைக் கவ்வி இழுத்தேன். இடுக்கி பிடித்த கை மேலே தூக்காது. இழுக்கும், கூடவே கீழே அழுத்தும். உட்கார்ந்திருப்பவள் கை அப்படித்தான் போகும். பாதி தாண்டியதும் தட்டின் பின்பக்கம் கிளம்பியது, முன்பக்கம் கவிழ்ந்தது, மணல் அத்தனையும் என் மடியில் விழுந்தது.

"அட பாவீங்களா," என்றார் ஜவஹர். "மணலாப் போச்சு மேடம். சூடா ஏதாச்சும் இருந்திருந்தா?"

"இருந்துச்சே, ஜவஹர். ஒருத்தங்க மடியில இருந்துச்சே."

மறுநாளிலிருந்து பொத்தானையும் வண்ணத்தையும் ஓரம் கட்டினேன். வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தட்டு ஓடுவதற்குப் பெட்டியின் பக்கச் சுவரில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விளிம்புகள் ஏற்கனவே இருந்தன. தட்டின் பின் மூலைக் கம்பிகளைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்தால், அவை மேல் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் கிளம்பாது, தட்டு கவிழாது. பக்கக் கம்பியின் நடுவில் ஒரு சிறு முட்டு வைத்தால், பாதி வெளியே வந்ததும் ஓவன் வாயில் இடித்து நிற்கும். கழுவ வேண்டுமென்றால், நாமாக நினைத்துச் சாய்த்துத் தூக்கினால்தான் வெளியே வரும்.

ஜவஹர் வளைத்துக் கொடுத்தார். நான் பழையபடி தரையில் உட்கார்ந்து இழுத்தேன். தட்டு அழகாக நின்றது. ட்ரே நிற்கவில்லை. தட்டு நின்ற வேகத்தில் வழுக்கிக்கொண்டு மறுபடியும் என் மடிக்கே வந்தது.

"தட்டு நின்னுச்சி, ட்ரேக்கு யாரும் சொல்லலியே மேடம்!" என்று ஜவஹர் சிரித்தார். எனக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி. ட்ரேயும் நிற்க வேண்டும். தட்டின் முன் கம்பியை ஒரு விரல் உயரத்துக்கு வேலி மாதிரி தூக்கினோம். பிறகு நான் எத்தனை வெறியோடு இழுத்தும் மணல் சிந்தவில்லை. வேறு வேறு ட்ரே, வேறு வேறு கை என்று அந்த வாரம் முழுக்க ஷெட்டில் இருந்த எல்லோரையும் தரையில் உட்கார வைத்து இழுக்கச் சொன்னேன். சிந்தவே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். தீபாவளிக்குப் புது மாடல் வரப்போகிறது, அதிலும் இதே பழைய தட்டுதான். இப்போதே மாற்றிவிடலாம் என்றேன். விற்றுவிட்ட ஓவன்களுக்கும் தட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம், பெட்டியைத் தொடவே வேண்டாம் என்றேன்.

அவர் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு மேஜையில் வைத்துவிட்டார்.

"இப்ப மாத்தினா என்ன அர்த்தம் தெரியுமா? பழசு தப்புன்னு நாமளே ஊருக்குச் சொல்ற மாதிரி ஆயிடும்."

"பழசு தப்புதானே சார்?"

"தப்புன்னு யார் சொன்னா? புஸ்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு, மேடை மேல வைக்கணும்னு. தரையில வச்சது அவா தப்பு. இடுக்கியால இழுத்தது அவா தப்பு."

"இடுக்கி நாம குடுத்தது சார்!"

"அது கிஃப்ட்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். "பொறந்ததுலேர்ந்து இடுக்கியாலதான் எடுக்கறாங்கன்னு சொன்னது யாரு? விக்கும்போது மட்டும் நம்ம ஊர் பொம்பளை எப்படி எடுப்பான்னு தெரியுது. கம்பி வளைக்கும்போது தெரியலையா?"

அறைக்கு வெளியே டைப்ரைட்டர் சத்தம் நின்றுபோனது. அவர் முகம் சுண்டிவிட்டது. "போய் உன் வேலையைப் பாரு. உன்னை அனுப்பினதே தப்பு. அந்தாத்து மனுஷரோட நானே பேசி முடிச்சுக்கறேன்" என்றார்.

"எப்போ போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை. அதைப் பத்தி உனக்கென்ன?"

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் நான் அங்கே இருந்தேன். வேலை போனால் போகட்டும் என்று கே.கே. நகரில் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். கோணிப்பையில் ஜவஹர் வளைத்த புதுத் தட்டும், மாமியிடம் வாங்கிப்போன பழைய தட்டும், இடுக்கியும் இருந்தன. புதுத் தட்டு கொண்டுவந்திருப்பதையும், முதலாளி எழுதி வாங்கச் சொன்னதையும் மாமியிடம் சொல்லிவிட்டேன். மாமியின் காயம் மேல்தோல் கட்டி ஆறி வந்திருந்தது. ஓவன் இன்னும் பலகை மேலேயே இருந்தது. மறுநாள் எடைக்காரன் வருவதாக ஏற்பாடு.

கஸ்தூரிரங்கன் பழத்தட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முறைத்தார். ஆனால் அடுத்தவர் வீட்டில் என்ன செய்ய முடியும்? சங்கரனும் அவரும் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் திருவல்லிக்கேணியில் ஒரே தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள் என்று தெரியவந்தது. அவ்வளவுதான், காபி வந்தது, சிரிப்பு வந்தது. "பொம்மனாட்டிகளுக்கே ஒரு அவசரம் ஓய்" என்றார் இவர். "நம்மாத்துலயும் அதே கதைதான். ஜாக்கிரதைங்கறதே கெடையாது" என்றார் அவர். மாமி சமையலறை வாசலில் காபி டபராவோடு நின்று, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெந்தது அவள் தொடை. தீர்ப்பு இந்த இரண்டு பேருடையது.

என் காது மடல் பற்றிக்கொண்டது. நேரே சமையலறைக்குள் போய், ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கேஸில் ஏற்றினேன். பழைய தட்டை ஓவனுக்குள் மாட்டினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ட்ரேயில் ஊற்றி உள்ளே வைத்தேன். ஆவி குப்பென்று வந்தது.

"சார், ரெண்டு பேரும் கொஞ்சம் உள்ள வாங்க."

வந்தார்கள். நான் இடுக்கியை முதலாளியிடம் நீட்டினேன்.

"இது நம்ம ஓவன், நம்ம தட்டு, நம்ம இடுக்கி. மாமி உட்கார்ந்த மாதிரி கீழ சப்பணம் போட்டு உட்கார்ந்து, இந்த ட்ரேயைக் கொஞ்சம் வெளிய இழுங்க சார். நீங்க அவசரப்படாம ஜாக்கிரதையா இழுப்பீங்க இல்ல?"

அவர் ஆவியைப் பார்த்தார். தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"விளையாடறியா? கால்ல கொட்டித்துன்னா?"

"கொட்டும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

நான் சங்கரன் பக்கம் திரும்பினேன். "நீங்க இழுக்கறீங்களா சார்? உங்களுக்குத்தான் பரபரப்பே கிடையாதே."

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்," என்று அவரும் நகர்ந்தார்.

முதலாளிக்குச் சட்டென்று வழி கிடைத்தது. "இதைக் கீழ வச்சதுதானே தப்பு? மேடை மேல வை, நானே எடுத்துக் காட்டறேன்" என்றார்.

"மேடையிலயா?" சங்கரன் பதறினார். "அதெப்படி ஓய்? சாதம் வைக்கற இடம். நீர் முட்டையெல்லாம் வச்சு டெஸ்ட் பண்ணியிருப்பீர்."

"முட்டையா? நாங்க செங்கல் வச்சுன்னா டெஸ்ட் பண்றோம்!"

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கோமளம் மாமி நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். இத்தனை நாளும் யார் பயத்தால் ஓவன் தரையில் கிடந்தது, யார் சோம்பலால் தட்டு கவிழ்ந்தது என்று இரண்டும் அவள் முன்னால் வேட்டி கட்டி நின்றன.

"அந்தப் புதுத் தட்டை மாட்டும்மா," என்றாள் என்னிடம்.

நான் கொதிநீரைக் கொட்டிவிட்டு, புதுத் தட்டைச் சாய்த்து நுழைத்தேன். ட்ரேயில் குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினேன். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சப்பணம் போட்டாள். சுட்டுக்கொண்டதிலிருந்து அவள் தரையில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"மாமி, வலிச்சா வேணாம்..."

"நீ சும்மா இரு."

இடுக்கியை வாங்கி விளிம்பைக் கவ்வினாள். மெதுவாக இழுக்கவில்லை. வெடுக்கென்று, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். டக். தட்டு பாதியில் நின்றது. தண்ணீர் ஒரு தடவை அலம்பி, கொஞ்சம் தரையில் தெளித்து அடங்கியது. ட்ரே அசையவில்லை. தள்ளிவிட்டு மறுபடியும் இழுத்தாள். டக். மறுபடியும். டக்.

இடுக்கியைக் கீழே வைத்தாள். கையை நீட்டி, தட்டை நிறுத்திய அந்த முட்டுக் கம்பியை விரலால் தடவினாள். அவள் சுண்டு விரல் நகம் அளவுகூட இல்லை அது.

"இவ்வளவுதானா?" என்றாள். "இந்தக் கம்பியை இத்துனூண்டு வளைச்சிருந்தாப் போறுமா? இதை வளைக்காமலா என் தொடையை வேக வச்சேள்? நான் வேற ஒரு மாசமா ராப்பகலா என்னையே திட்டிண்டிருந்தேனே! என் கைதான் சரியில்லே, என் கைதான் சரியில்லேன்னு..."

மாமி முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதி வேணும்னேளாமே, எழுதித் தரேன். நான் ஜாக்கிரதையாத்தான் இழுத்தேன்னு எழுதித் தரேன். அதைக் கொண்டுபோய் உங்க ஆபீஸ் வாசல்ல மாட்டுங்கோ." முதலாளியிடம் சொல்லிவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள். "எடைக்காரனும் வர வேண்டாம், ஒருத்தனும் வர வேண்டாம். செங்கல் ஆசாரந்தானே? எடுத்து மேடைல வைங்கோ."

சங்கரன் தயங்கினார். மாமி தரையிலிருந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓவனின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். கனமாக இருந்தது. வேறு வழியில்லாமல் இன்னொரு பக்கத்தைக் கஸ்தூரிரங்கன் பிடித்தார். காபி குடித்துக்கொண்டு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்ன இரண்டு பேரும் முக்கி முனகி அதை மேடையில் ஏற்றினார்கள்.

படியிறங்கும்போது முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. "திங்கக்கிழமை ஜவஹர்கிட்ட அளவெல்லாம் குடுத்துடு. புது மாடலுக்கு இதுவே போகட்டும். பழசுக்கும் போய் மாத்தச் சொல்றேன்" என்றார். "ஆனா ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுண்டு திரியாதே. அபிவிருத்தின்னு சொல்லு. தப்புன்னு சொல்லாதே."

அவர் தட்டை மாற்றியது எனக்குப் போதவில்லை. மனுஷர் மாறவே இல்லை, இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுத் தட்டுகள் தயாரானதும் வீடு வீடாகப் போய் மாற்றுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் வீடு தி. நகரிலேயே, உஸ்மான் ரோட்டுக்குப் பக்கத்தில். ஜவுளிக்கடைக்காரர் வீடு. சண்முகவடிவு அக்கா கதவைத் திறந்தார்கள். எங்கள் ஓவன் அங்கே தரையில் இல்லை. சாப்பாட்டு மேஜை மேல், பின்னல் துணி விரித்து, புஸ்தகத்தில் போட்டிருந்தபடியே கம்பீரமாக இருந்தது.

"கம்ப்ளெய்ண்ட்டே குடுக்கலையே தாயி. நல்லாத்தானே ஓடுது?" என்றார்கள்.

"ஒரு அபிவிருத்தி அக்கா," என்று வாய் தானாக அந்த வார்த்தையைச் சொன்னது. பழைய தட்டை உருவி எடுத்தேன். அதை வாங்கி ஓரமாக வைக்க அக்கா கையை நீட்டினார்கள். வளையலுக்கு மேலே, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, தோல் சுருங்கிப் பளபளவென்று ஒரு பட்டை தெரிந்தது.

"இது எப்படி அக்கா ஆச்சு?"

அக்கா சட்டென்று முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்கள். சிரிக்க வேறு செய்தார்கள்.

"அதுவா? அது ஒண்ணுமில்ல தாயி. பிஸ்கட் எடுக்கையில தட்டு கவுந்துட்டு. எல்லாம் என் அவசரப் புத்திதான்."

நான் கையிலிருந்த புதுத் தட்டை மேஜை மேல் போட்டேன். போட்ட சத்தத்தில் அக்கா திடுக்கிட்டுப் போனார்கள். அபிவிருத்தியாம், மண்ணாங்கட்டி.

"உங்க அவசரம் இல்ல அக்கா. தப்பு எங்களது. இப்படி உட்காருங்க, சொல்றேன்."